வண்டி போன பிறகு: பயண நாடகமும் நம் பிள்ளைகளும்



கே.ஏ.குணசேகரன் நம்மை விட்டுப் பிரிந்தது 2016 ஜனவரி 17ஆம் நாள். அவரை நினைத்துப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டபோது முதலில் தயங்கினோம். நாட்டுப்புறவியலில் அவர் செய்த ஆய்வுகளைச் சொல்லப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் குறிப்பிடும் அவருடைய 'பலி ஆடுகள்' பற்றிப் பேச நாடகத் துறையினர் இருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பறை, நான்கு விளக்கு, ஒரு படுதா, கொஞ்சம் சலங்கை ஆகியவற்றை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு குடியிருப்புக் குடியிருப்பாகப் போகிற பத்துப் பேர். எங்களுக்குத் தெரிந்தது அந்த வேலை ஒன்றுதான். எனவே அதைப் பற்றியே பேசுகிறோம். ஊர் ஊராகப் போகும் நாடகம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும்? என்ன செய்யாது? செய்ய வேண்டுமானால் எப்படிப் போக வேண்டும்?

நாடகம் பார்த்த பிள்ளைகள் ஊக்கம் பெறுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். துண்டறிக்கையிலும் அதைத்தான் அச்சிடுகிறோம். அந்தச் சொல்லை நாங்கள் இப்போது சற்றுச் சந்தேகத்தோடுதான் பயன்படுத்துகிறோம். அதற்கான காரணத்தைச் சொல்வதே இந்த உரை.

யார் எதற்காகப் பயணம் போனார்கள்

நம் முன்னோர்கள் இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் அல்லர். போய்க்கொண்டே இருந்தவர்கள். ஊரில் ஒருவர் இறந்தால் சொந்தபந்தம் இருக்கும் பத்து ஊருக்கும் சாவுச் செய்தி கொண்டுபோனவர்கள் நம் தாத்தாமார்கள். வரி கட்டச் சொல்லியும், மடை திறப்பதைச் சொல்லியும், காப்புக் கட்டும் நாளைச் சொல்லியும் தண்டோரா போட்டவர்கள் அவர்கள். திருவிழாவில் பறையடித்துக்கொண்டு சாமிக்கு முன்னால் போனார்கள். கோயில் வாசல் வந்ததும் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். தண்டோரா முறையை நிறுத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். அது நேற்று நடந்த கதை.

ஆக, நம் கால்களுக்குப் பயணம் புதிதல்ல. எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் நாம் முடிவு செய்ததில்லை. போகிற ஊரில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும். தண்ணீர் கேட்கும் முன் எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும். குணசேகரன் 2005இல் வெளியிட்ட 'வடு' என்னும் தன்வரலாற்றில் இந்தப் பயணங்கள் வருகின்றன. மாரந்தையில் பிறந்து இளையான்குடியில் படித்த ஒரு பையனின் கண் வழியே அவற்றைப் பார்க்கிறோம். சாதியைச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டிய ஊர்களும், முறை சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குள் விட்ட இசுலாமியக் குடும்பங்களும் அந்தப் பையனுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சில மைல் நடந்தால் மனிதன் மதிக்கப்படும் விதமே மாறிவிடுகிறது என்பதை அவன் நடந்தே கற்றுக்கொண்டான்.

நாடகப் பயணம் இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. பாதை அதே பாதை. கையில் இருப்பதும் அதே பறை. ஆனால் யாரும் அனுப்பி நாம் போகவில்லை, நாமாகப் போகிறோம். வழக்கமாகக் கூத்தோ நாடகமோ எங்கே நடக்கும்? கோயில் திடலில், ஊர் மந்தையில். நம் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், அல்லது அனுப்பவே மாட்டார்கள். எங்கள் வேன் ஊரைக் கடந்து நேராகக் குடியிருப்புக்குள் திரும்பும்போது பிள்ளைகள் முதலில் கேட்பது என்ன நாடகம் என்றல்ல. "எங்க தெருவுலயாண்ணே போடுறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நாடகம் தொடங்கும் முன்பே பாதி வேலை நடந்துவிடுகிறது. கலை என்பது எங்கோ நடப்பது என்று நினைத்த பிள்ளைக்கு, அது தன் வீட்டுத் திண்ணைக்கு எதிரே நடக்கிறது.

ஜல்சா போன வழி

இந்த வேலையை நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மராட்டிய மண்ணில் ஜோதிராவ் புலே 1855இலேயே 'திரிதீய ரத்ன' என்ற நாடகத்தை எழுதினார். கருவுற்றிருக்கும் உழவர் வீட்டுப் பெண் ஒருத்தியையும் அவள் கணவனையும் ஒரு பார்ப்பனப் புரோகிதர் கிரகத்தைக் காட்டிப் பயமுறுத்தி, கடன்பட்டுச் சடங்கு செய்ய வைக்கிறார். கூடவே ஒரு விதூடகன் வந்து நடப்பதை உடைத்து உடைத்துச் சொல்கிறான். கடைசியில் அந்தக் கணவனும் மனைவியும் போய்ச் சேர்வது கோயிலுக்கல்ல. புலேவும் சாவித்திரிபாயும் நடத்தும் இரவுப் பள்ளிக்கு. ஏமாந்தவர்கள் படிக்கப் போவதுதான் அந்த நாடகத்தின் முடிவு. பரிசுக் குழு அதை ஏற்கவில்லை. புலே வாழ்ந்த காலத்தில் அது அச்சேறவும் இல்லை.

நாடகம் பெட்டிக்குள் கிடந்தாலும் அதன் வழி நிற்கவில்லை. 1873இல் புலே தொடங்கிய சத்தியசோதக் சமாஜத்தின் தொண்டர்கள் பின்னாளில் ஜல்சாக்களை நடத்தினார்கள். மகர், மாங் சாதிக் கலைஞர்கள் காலங்காலமாக ஆடி வந்த தமாஷா என்னும் வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் வரும் பிள்ளையார் துதியையும் கண்ணனும் இடைச்சியரும் வரும் பகுதியையும் மாற்றினார்கள். அந்த இடத்தில் கல்வி வந்தது, கடன் வந்தது, புரோகிதம் வந்தது. 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் இதை அம்பேத்கரிய ஜல்சாவாக வளர்த்தார்கள். குடியை விடு, செத்த மாட்டை இழுக்கப் போகாதே, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று ஊர் ஊராகப் பாடினார்கள். செய்தித்தாள் படிக்கத் தெரியாத மக்களுக்கு மகாட் குளத்துப் போராட்டத்தின் செய்தியைக் கொண்டுபோனதில் இந்தக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அண்ணாபாவ் சாத்தேயை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1920இல் வாட்டேகாவ் என்ற ஊரில் மாங் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் நிலைக்க முடியாதவர். பிழைப்புத் தேடி மும்பைக்கு நடந்தே போன குடும்பத்தோடு நடந்த பையன். அவர் 1944இல் தோழர்களோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்னும் செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஆடிப் பாடியவர், நாவல்கள் எழுதினார். 1959இல் வந்த தம் 'ஃபகீரா' நாவலை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். பள்ளி கைவிட்ட ஒரு பிள்ளைக்குத் தமாஷா பள்ளிக்கூடமானது. ஆனால் அது தானாக நடந்துவிடவில்லை. ஆடும் கூட்டத்துக்குள் அவருக்கு ஓர் இடம் இருந்தது. வெறும் பார்வையாளராக இருந்திருந்தால் நமக்கு அண்ணாபாவ் கிடைத்திருக்க மாட்டார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டில் கலைப்பயணம்

கேரள சாஸ்திர சாகித்திய பரிசத் 1980இல் தொடங்கிய கலாஜாதா, தென்னிந்தியாவில் பயண நாடகத்துக்குப் புதிய முறையைக் கொடுத்தது. ஒரு குழு, ஒரு வண்டி, நடிகர்களே தூக்கிச் செல்லும் பொருட்கள், ஒரே நாளில் பல ஊர், கையில் விற்பனைக்குப் புத்தகம். 1987இல் அது அகில இந்திய அறிவியல் பயணமானது. 1990இல் எழுத்தறிவுக்கான பயணமானது. அறிவொளிக் காலத்தை இங்கிருக்கும் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92 வாக்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பாட்டும் தெருநாடகமும் முன்னால் போக, கல்வி பின்னால் போனது.

அந்தப் பயணங்களில் போன நம் தோழர்கள் பலருக்கு அதுவே முதல் மேடை. ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு வா என்று பாடியவர்கள், பள்ளியில் உன்னை எங்கே உட்கார வைப்பார்கள் என்பதைப் பாடியது குறைவு. அந்தக் குறையை நிரப்பியவர்களில் முன்னால் நிற்பவர் குணசேகரன். 'தன்னானே' என்ற பெயரில் நாட்டுப்புறப் பாடல்களை மேடையேற்றினார். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராகக் கொண்டுபோனார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியரான பிறகும் அவர் குரல் வயல்காட்டுக் குரலாகவே இருந்தது. படித்துப் பெரிய வேலைக்குப் போகிறவன் பாட்டை மறந்துவிட வேண்டியதில்லை என்பதை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பாட்டுக்கும் படிப்புக்கும் இடையே பிள்ளை கிழிபடுவது இன்னொரு சிக்கல். வட மாவட்டங்களில் கட்டைக்கூத்து இரவு முழுக்க நடக்கும். குழுவில் சேர்ந்த சிறுவன் விடியும்வரை ஆடிவிட்டுக் காலையில் எப்படிப் பள்ளிக்குப் போவான்? பெருங்கட்டூர் பொ.ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் சேர்ந்தவர். 1990இல் கலைஞர்கள் சேர்ந்து உருவாக்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலத்தை நடத்தியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிக் கூத்தும் கற்றார்கள், பள்ளிப் பாடமும் படித்தார்கள். ஆண்களே ஆடி வந்த கூத்தில் பெண் பிள்ளைகள் வேடம் கட்டினார்கள். திண்டுக்கல்லில் 1990 முதல் இயங்கும் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறையைக் கையில் எடுத்ததும் இப்படியொரு மாற்றம்தான். சாவு வீட்டில் ஆண் அடித்த கருவியை ஒரு பெண் மேடையில் அடிக்கும்போது, முன்வரிசையில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு எந்த விளக்கமும் தேவைப்படுவதில்லை.

சாராநகர்ப் பிள்ளைகள்

ஒரு குடியிருப்பே நாடகத்தைத் தன் பள்ளியாக்கிக்கொண்ட கதை ஒன்று குசராத்தில் இருக்கிறது. அகமதாபாத்தில் சாராநகர் என்ற பகுதி. அங்கே வாழும் சாரா மக்களை ஆங்கிலேய அரசு 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தது. அதே சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட நம் மண்ணின் மக்களும் ரேகை வைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள்தான். 1952 ஆகஸ்ட் 31 அன்று சட்டம் நீங்கியது. பெயர் மட்டும் நீங்கவில்லை. சாராநகர் என்று முகவரி சொன்னால் வேலை கிடைக்காது; எங்கே திருட்டு நடந்தாலும் போலீஸ் முதலில் அங்கேதான் வரும்.

1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்ற கேரியா சபர் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். தற்கொலை என்றது போலீஸ். குடும்பத்தார் உடலை எரித்ததுபோல் ஒரு பொம்மையை எரித்துவிட்டு, உடலைப் புதைத்து மறைத்து வைத்தார்கள். அதனால்தான் மறுபடி உடற்கூறு ஆய்வு செய்ய முடிந்தது. எழுத்தாளர் மகாசுவேதா தேவி தொடர்ந்து போராடினார். வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் போனது. புதனின் மனைவிக்கு இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே ஆண்டு மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் சாராநகருக்கு வந்தார்கள். அங்கே ஒரு சின்ன நூலகம் தொடங்கியது. நூலகத்துக்கு வந்த இளைஞர்கள் புதனின் வழக்கைப் படித்தார்கள். வெகுதூரம் தள்ளி வேறு மொழி பேசி வாழ்ந்த ஒருவரின் சாவு, தங்கள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடந்ததைப் போலவே இருப்பதைக் கண்டார்கள். அதை நாடகமாக்கினார்கள். அந்த நாடகத்தின் பெயரே குழுவின் பெயராகி, புதன் தியேட்டர் பிறந்தது. தக்ஷிண் பஜ்ரங்கே போன்றவர்கள் அதை முன்நின்று நடத்தினார்கள். தெருமுனை, கல்லூரி, அரங்கம் என்று நாடகம் நாடெங்கும் போனது. அந்தக் குழுவிலிருந்து பத்திரிகையாளரும் திரைப்பட இயக்குநரும் வந்தார்கள்.

இதில் எங்களுக்குப் பாடமாக இருப்பவை இரண்டு. நூலகம் முதலில் வந்தது, நாடகம் அதற்குள்ளிருந்து வந்தது. வெளியிலிருந்து ஒரு குழு வந்து விழிப்புணர்வு ஊட்டிவிட்டுப் போகவில்லை. பிள்ளைகள் மாலையில் வந்து உட்கார ஓர் அறை இருந்தது. படிக்கத் தாள் இருந்தது. அண்ணன்மார்கள் ஒத்திகை பார்ப்பதைத் தம்பி தங்கைகள் சுவரோரம் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களும் நடித்தார்கள். இரண்டாவது, அந்த நாடகத்தில் புதனை அடிக்கும் போலீஸ்காரராக நடித்தவர்களும் சாராக்களே. வாழ்க்கையில் அடி வாங்கியவன் மேடையில் லத்தியைப் பிடிக்கிறான். அதிகாரம் எப்படி நிற்கும், எப்படிப் பேசும், எங்கே பயப்படும் என்பதை அவன் உடம்பால் தெரிந்துகொள்கிறான். அழுகிற பாத்திரத்தைவிட அந்தப் பாத்திரம் அவனுக்கு அதிகம் கற்றுத் தருகிறது. இந்த இரண்டாவது பாடத்தை நாங்கள் படித்துக் கற்கவில்லை. தவறு செய்துதான் கற்றோம்.

எங்கள் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ப் பள்ளியில் நாடகம் போட்டோம். ஊரும் குடியிருப்பும் சேர்ந்து படிக்கும் பள்ளி. குடியிருப்பில் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, அங்கிருந்தே ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல குரல், பயமில்லாத கண். துப்புரவுத் தொழிலாளியின் மகன் ஒருவனைக் கழிவறை கழுவச் சொல்லி ஆசிரியர் அனுப்புவதுதான் கதை. பையன் துடைப்பத்தோடு நின்று பேசிய இடத்தில் ஆசிரியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைத்தட்டல் அடங்க நேரமானது. நாங்கள் மகிழ்ச்சியோடு வேனில் ஏறினோம்.

மறுநாள் காலை வகுப்பில் அவன் பெஞ்சின் மேல் ஒரு துடைப்பம் இருந்தது. நாடகத்தில் அவனுக்கு இருந்த பெயராலேயே கூப்பிட்டார்கள். ஒரு வாரம் அவன் பள்ளிக்குப் போகவில்லை. எங்களுக்கு இது தெரிய வந்தது இருபது நாள் கழித்து. ஓடினோம். அவன் அம்மா எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏந்தம்பி, அந்த வெளக்கமாறு எம்புள்ள கையிலதான் இருக்கணுமா? அவங்கப்பன் புடிச்சது பத்தாதா?"

எங்களிடம் பதில் இல்லை. பார்ப்பவர்கள் மனம் மாற வேண்டும் என்பதற்காக எங்கள் பிள்ளையின் அவமானத்தைக் காட்சிக்கு வைத்திருந்தோம். அழுதவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் அந்த வகுப்பிலேயே இருக்க வேண்டியிருந்தது. வண்டி போன பிறகு அந்த ஊரில் வாழப் போகிறவர் யார் என்ற கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அவன் பிறகு பள்ளிக்குப் போனான், தலைமையாசிரியர் பொறுப்பெடுத்துக்கொண்டார். எங்களோடு மறுபடி நடிக்க வரவில்லை. அடுத்த ஆண்டு அதே குடியிருப்பில் வேறு நாடகம் போட்டபோது வந்து நின்று, "நான் லைட்டு புடிக்கிறேண்ணே" என்றான். நடி என்று நாங்கள் வற்புறுத்தவில்லை. இருட்டில் நின்றுகொண்டு யார் மேல் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை அன்று அவன்தான் முடிவு செய்தான்.

இன்னோர் ஊரில் ஒரு பெரியவர் தம் பேரன் கையிலிருந்த பறையை வாங்கித் திண்ணையில் வைத்தார். "நான் வேணாம்னு கீழ வெச்சத அவங்கையில குடுக்காதீங்கய்யா" என்றார். பறை நம் விடுதலைக் கருவி, அதை இழிவென்று ஒதுக்கியது சாதி, நாம் மீட்டெடுக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அதில் உண்மை இருக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று அறிவித்து, அதற்காக அடிபட்டு, வேலை இழந்து பறையைக் கீழே வைத்தவர்களின் போராட்டமும் உண்மை. அந்தப் பெரியவரிடம் நாங்கள் வாதாடவில்லை. அன்று அந்தத் தெருவில் பறை இல்லாமலே ஆடினோம். தகர டப்பாவும் கைத்தட்டும் போதுமாக இருந்தன.

இப்போது எப்படிப் போகிறோம்

இவற்றிலிருந்து சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். இதே வேலையைச் செய்ய நினைக்கும் இளைஞர்களுக்குப் பயன்படலாம் என்பதால் சொல்கிறோம்.

ஒரே நாளில் பல ஊர் என்ற முறையைக் கைவிட்டோம். ஒரு குடியிருப்பில் மூன்று நாள் தங்குகிறோம். சாப்பாடு அங்குள்ள வீடுகளில்தான். முதல் நாள் நாடகமே இல்லை. பச்சைக்குதிரை, நொண்டி, கோலி என்று பிள்ளைகள் விளையாடுவதை அவர்களிடமே கற்றுக்கொள்கிறோம். எங்களுக்கு ஆட்டம் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். சொல்லிக் கொடுக்கும் இடத்தில் பிள்ளையும் கற்கும் இடத்தில் நாங்களும் இருப்பது அந்த ஒரு நாளில் பழகிவிடும்.

இரண்டாம் நாள் தரையில் சாக்பீசால் ஊரின் படம் வரையச் சொல்கிறோம். வீடு, பள்ளி, கடை, குளம், பஸ் நிறுத்தம். எந்த வழியாகப் போவாய், எந்த வழியாகப் போக மாட்டாய் என்று கேட்போம். கதை அங்கிருந்து வரும். குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும் கோடு ஒன்று எல்லாப் பிள்ளைகளின் படத்திலும் இருந்தால், ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டாலே போதும். நாங்கள் எழுதிக்கொண்டு போகும் கதையைவிட அது எப்போதும் வலுவாக இருந்திருக்கிறது.

பாத்திரங்களைப் பிரிப்பதில் கண்டிப்பு உண்டு. இழிவுபடுத்தப்படும் பாத்திரம் எதையும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. எங்களில் ஒருவர் ஏற்கிறார். பிள்ளைகள் ஆட்சியர், நீதிபதி, தலைமையாசிரியர், பஸ் கண்டக்டர், பண்ணையார். பண்ணையாராக நடிக்கப் பெரிய போட்டி இருக்கும். பண்ணையார் துண்டை உதறித் தோளில் போடுவதை ஒன்பது வயதுப் பெண் செய்து காட்டும்போது தெருவே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் பயம் கொஞ்சம் கழன்று விழுவதைப் பார்த்திருக்கிறோம். ஊரும் குடியிருப்பும் கலந்திருக்கும் இடத்தில் போடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளின் தாய்மார்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் விசயத்தில் எங்கள் வேலை பெரும்பாலும் நேரத்தைப் பற்றியது. வயதுக்கு வந்த பிள்ளையை இருட்டிய பிறகு அனுப்ப அம்மாக்கள் தயங்குகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதனால் ஒத்திகையைப் பகலுக்கு மாற்றினோம். குழுவில் எப்போதும் குறைந்தது நான்கு பெண்கள் இருப்பார்கள். வீடுவரை கொண்டுபோய் விடுவதையும் நாங்களே செய்கிறோம்.

கடைசியாக, எதையாவது விட்டுவிட்டு வருகிறோம். ஒரு மரப்பெட்டி, அதில் முப்பது நாற்பது புத்தகம், ஒரு கஞ்சிரா, கொஞ்சம் வண்ணத்தாள். சாவி ஒரு பிள்ளையிடம் இருக்கும். நாற்பது நாள் கழித்து மறுபடி போகிறோம். சில ஊரில் பெட்டியில் தூசு படிந்திருக்கும். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. சில ஊரில் நாங்கள் போட்ட நாடகத்தை மறந்துவிட்டு, அவர்களாகவே ஒன்றைச் செய்து வைத்திருப்பார்கள். எங்கள் நாடகம் மறந்துபோன ஊர்கள்தான் எங்களுக்கு நிறைவு தந்த ஊர்கள்.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

புலேயின் நாடகம் இரவுப் பள்ளியில் முடிந்தது. சாராநகரின் நாடகம் நூலகத்தில் தொடங்கியது. நாடகத்துக்கு முன்னாலோ பின்னாலோ பிள்ளை போய் உட்கார ஓர் இடம் இருந்தபோதுதான் அந்த ஊக்கம் நிலைத்தது. இடம் இல்லாத ஊக்கம் இரண்டு நாளில் வடிந்துவிடும். சில வேளை, எங்கள் தவறு காட்டியதுபோல், பிள்ளைக்குச் சுமையாகவும் ஆகிவிடும்.

ஆகவே குணசேகரனின் நினைவாக எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம் தோழர்களே. அந்தச் செலவில் பெட்டிக்கு நாலு புத்தகம் வாங்கிவிடலாம். நம் மன்றத்து உறுப்பினர்கள் வாழும் குடியிருப்புகளில் ஓர் அறை, அல்லது ஒரு திண்ணை, வாரத்தில் இரண்டு மாலை பிள்ளைகளுக்குத் திறந்திருக்கட்டும். கவிதை எழுதுகிறவர்கள் மாதம் ஒரு முறை அங்கே போய்ப் படித்துக் காட்டட்டும். வேலையில் இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் உட்காரட்டும். நாங்கள் வேனோடு வருகிறோம். வந்து போகத்தான் எங்களால் முடியும். தங்கியிருக்கப் போகிறவர்கள் நீங்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்று. இவ்வளவு நேரம் அசையாமல் கேட்டீர்கள். உரை முடிந்ததும் மேடை காலியாகத்தான் இருக்கும். ஏறி நின்று பாருங்கள். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பெரியவர்கள் எல்லாம் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறார்கள் என்று வந்து எங்களிடம் சொல்லுங்கள்.